பால்மரம் வெட்டியது உடற்பயிற்சி அல்ல

கடந்த ஆண்டு எங்கள் தோட்டத்து முன்னாள் மக்களின் ஒன்றுகூடல் ஈப்போவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தோட்டம் இப்போது இல்லை. சுங்கை சிப்புட் பக்கம் பாதி செம்பனையாகவும் மீதி வரிசை வீடுகளாகவும் மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மேடையில் பேசியவர் நல்ல பேச்சாளர். "தோட்டத்துல இருந்தப்ப நம்மாளுங்க எவனுக்காச்சும் சீனி வியாதி இருந்துச்சா? தொப்பை இருந்துச்சா? விடியக்காலம் எந்திரிச்சி மரம் வெட்டுனோம். ஒடம்பு இரும்பு மாதிரி இருந்துச்சி. இப்போ சொகுசு வந்துருச்சி, நோயும் வந்துருச்சி" என்றார். பலத்த கைத்தட்டல். கைதட்டியவர்களில் பலர், சாப்பாட்டுக்கு அழைத்தபோது, முழங்காலில் கையை ஊன்றி, முன்னால் ஒருமுறை ஆடி, பின்னால் ஒருமுறை ஆடி, மூன்றாவது முயற்சியில்தான் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். என் அம்மா மூன்றாவது முயற்சியிலும் எழவில்லை. நான்தான் தூக்கிவிட்டேன்.

அந்தப் பேச்சு பொய். நல்ல மனசோடு சொல்லப்படும் பொய் என்பதால் யாரும் மறுப்பதில்லை. நான் மறுக்கிறேன்.

முதலில், சீனி வியாதி இல்லை என்று யார் பார்த்தார்கள்? தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர் காய்ச்சலுக்கு மாத்திரையும் வெட்டுக் காயத்துக்கு மருந்தும் கொடுத்தார். வரிசையாக நிற்கவைத்து இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அவர் யாருக்கும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ஆறாத புண்ணோடு போனவர்களை, திடீரென்று சாய்ந்தவர்களை "காத்து கறுப்பு" என்றும் "நெஞ்சு வலி" என்றும் சொல்லிப் புதைத்தோம். கணக்கெடுக்காததை இல்லை என்று சொல்வது வரலாறு ஆகாது.

அடுத்தது அந்த இரும்பு உடம்பு. 400, 500 மரம். மேட்டிலும் பள்ளத்திலும், பனியில் வழுக்கும் புல்லில். பட்டை வெட்ட வெட்ட வெட்டுக்கோடு கீழே இறங்கிக்கொண்டே வரும். தரையை நெருங்கிய மரத்தை வெட்டுகிறவர் ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்து குனிந்துதான் நிமிர வேண்டும். அப்புறம் காண்டாவில் இரண்டு வாளி பால், ஸ்டோர் வரைக்கும். மழை வந்தால் சம்பளம் போச்சு. உடம்புக்கு முடியவில்லை என்றால் கங்காணியிடம் கெஞ்ச வேண்டும். எப்போது நிறுத்துவது, எவ்வளவு தூக்குவது, எந்த நாள் ஓய்வு என்பதில் ஒன்றைக்கூட வெட்டுகிறவர் தீர்மானிக்கவில்லை. இதையா ஜிம்மோடு ஒப்பிடுகிறோம்?

இது வெறும் என் கோபம் இல்லை. டென்மார்க் ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மானும் அவர் குழுவினரும் கோப்பன்ஹேகனில் சுமார் 1,04,000 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வொன்றை 2021இல் வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் அதிகம் உடலை அசைத்தவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைந்தன. வேலையில் அதிகம் உடலை அசைத்தவர்களுக்கு இரண்டும் கூடின. ஒரே அசைவு, எதிரெதிர் பலன். கூலி வேலை செய்கிறவர்களின் வறுமை, புகைப்பழக்கம் எல்லாம் இந்தக் கணக்கில் கலந்துவிட்டதா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள், வாதாடட்டும். ஆனால் ஹோல்டர்மான் தரப்பு சொல்லும் காரணம் நமக்குப் புதிதல்ல. மணிக்கணக்காக, ஒரே மாதிரி, தூக்கிக்கொண்டும் குனிந்துகொண்டும், ஆறுவதற்கு நேரம் தராமல் வாங்கப்படும் உழைப்பு உடம்பைக் கட்டுவதில்லை, தேய்க்கிறது. பயிற்சி என்பது கொஞ்ச நேரம் கடுமையாக, பிறகு ஓய்வு. அந்த ஓய்வில்தான் தசை வளர்கிறது. தோட்டம் நம்மிடமிருந்து முதலில் பறித்ததே அந்த ஓய்வைத்தான்.

ஆகவே "அன்னைக்கு உழைச்சோம், இன்னைக்குச் சோம்பேறி ஆயிட்டோம்" என்கிற கதையில் இரண்டு அநியாயம் இருக்கிறது. தோட்டத்தை அது உடற்பயிற்சிக் கூடமாக வெள்ளையடிக்கிறது. இன்றைக்கு முட்டிவலியோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் கிழவியைக் குற்றவாளியாக்குகிறது.

சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வு நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது. இந்தியர்களை மட்டும் பிரித்தால் 31.4. இந்த எண் வந்ததும் நம் ஆட்கள் எழுதியதைப் பார்த்தேன். ரொட்டி சானாயைத் திட்டினார்கள், தே தாரேக்கைத் திட்டினார்கள். சரி, திட்ட வேண்டியதுதான். அதிகாலையில் சீனி போட்ட வரக்கோப்பியும் மதியத்தில் குவித்த சோறும் காண்டா தூக்கிய உடம்புக்கான சாப்பாடு. காண்டா போய்விட்டது, குவியல் போகவில்லை. பால் வெட்டியவரின் மகன் 12 மணி நேரம் பாதுகாவலர் கூண்டில் உட்கார்ந்து அதே குவியலைச் சாப்பிடுகிறார். ஆனால் சாப்பாடு பாதிக் கதைதான்.

மீதிப் பாதி தசை. சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்து வைத்துக்கொள்வது நம் தசைதான். அது வற்றினால் சர்க்கரை இரத்தத்தில்தான் சுற்றும். நம் வம்சத்துக்குத் தசைக் கையிருப்பு ஆரம்பத்திலேயே குறைச்சல். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படம் ஒன்று 2004இல் லான்செட் இதழில் வந்தது. உயரத்துக்கேற்ற எடை இருவருக்கும் ஒரே கணக்கு, 22.3. ஆனால் உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிகிற நம் ஆளுக்குள் ஒரு குண்டு மனிதர் ஒளிந்திருக்கிறார். தராசுக்கு அவரைத் தெரியாது.

அதனால்தான் "வெயிட்ட கொறைங்க" என்ற ஒற்றை வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. 54 வயதில் என்னிடமும் ஒரு கிளினிக்கில் அதையே சொன்னார்கள். அப்போது 94 கிலோ. நான் கெட்டிக்காரத்தனமாகச் சோற்றை நிறுத்தினேன், ஒரு சொந்தக்காரர் விற்ற மெலியவைக்கும் தேநீரையும் குடித்தேன். மூன்று மாதத்தில் 7 கிலோ போனது. கூடவே மாடிப்படி ஏறும் தெம்பும் போனது. பட்டினி கிடந்து குறைக்கும் எடையில் கொழுப்போடு தசையும் போகும் என்று யாரும் சொல்லவில்லை. 2011இல் அமெரிக்காவில் வில்லாரியல் குழுவினர் 65 வயதைத் தாண்டிய, உடல் பருத்த 107 பேரை ஓராண்டு ஆராய்ந்தார்கள். உணவைக் குறைத்தவர்களும் தேறினார்கள், பயிற்சி மட்டும் செய்தவர்களும் தேறினார்கள். எழுவது, நடப்பது, தூக்குவது என்று எல்லாவற்றிலும் அதிகம் தேறியவர்கள் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள். அதற்கும் முன்னால், 1990இல், பாஸ்டன் முதியோர் இல்லமொன்றில் மரியா ஃபியாடரோன் 90 வயதுக்காரர்களை எட்டு வாரம் எடை தூக்க வைத்தார். கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறு வயதில்! நம் ஊரில் 58 வயதுக்காரர் "இனிமே எதுக்கு" என்கிறார்.

"இனிமே எதுக்கு" என்பதை என் அம்மாவும் சொன்னார். "வேலை செஞ்ச ஒடம்புடா இது. இன்னும் என்னத்த எடுக்கச் சொல்ற?" அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வியர்வை என்றால் அவருக்கு முதலாளி. ஓய்வு என்றால் ஜெயித்தது. உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அவர் வாழ்க்கையின் ஒரே பதவி உயர்வு. அதை விட்டு எழுந்து நட என்று சொல்கிறவன் மறுபடியும் பெரட்டுக்குக் கூப்பிடுகிறவன்தானே?

இன்னொன்றும் உண்டு, வெட்கம். காலையில் போலோ திடலுக்குப் போய்ப் பாருங்கள். சீனப் பாட்டிகள் வரிசையாகக் கை வீசுவார்கள், விசிறி விரிப்பார்கள். நம் பெண்கள் குறைவு. "பேரன் பேத்தி எடுத்தவளுக்கு சப்பாத்து என்ன, ஓட்டம் என்ன" என்று தாமானில் பேச்சு வரும். ஆனால் தைப்பூசத்தன்று இதே பெண்கள் வெறுங்காலில், தலையில் பால்குடத்தோடு, புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயில்வரை நடக்கிறார்கள். அப்போது வயசு எங்கே போனது? முட்டி எங்கே போனது? கடவுளுக்காக என்றால் அனுமதி, முதலாளிக்காக என்றால் அனுமதி, பிள்ளைகளுக்காக என்றால் அனுமதி. தனக்காக என்றால் மட்டும் கேலி.

எழுதுகிற நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. தப்பாவில் பிறந்த ராஜாமணி 1966இல் நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனை. கோலகங்சாரில் பிறந்த மணி ஜெகதீசன் அதே ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வாங்கினார். பேராக் மண்ணின் பிள்ளைகள். நம் கதைகளில் இப்படிப்பட்ட உடம்பு எங்கே? தோட்டத்துக் கதை என்றால் அட்டை கடித்த கால், வளைந்த முதுகு, கடைசிப் பக்கத்தில் ஒரு சாவு. நானும் அப்படி நான்கு எழுதியிருக்கிறேன், ஒன்றுக்குப் பரிசும் வந்தது. தம்பிகளே, தங்கைகளே, பாட்டியின் வெடித்த பாதத்தைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டு இரண்டு வரிக் கவிதையும் எழுதுகிறீர்கள். அவரால் கழிப்பறையில் கைப்பிடி இல்லாமல் எழ முடிகிறதா என்று எப்போதாவது கேட்டதுண்டா? வாட்சாப்பில் ஃபவுஜா சிங்கை அனுப்புவதும் இதே வகைதான். 89 வயதில் மராத்தான் ஓடத் தொடங்கியவர், 2011இல் நூறு வயதில் டொரொண்டோவில் ஓடி முடித்தவர். மகத்தானவர். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்த எந்தக் கிழவியும் எழுந்து ஓடியதில்லை. "அவுங்கள்லாம் வேற ஆளுங்க" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்.

எங்கள் வீட்டில் நடந்தது ரொம்பச் சின்னது. நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது, பத்து முறை. முதல் வாரம் இரண்டு மெத்தையை அடியில் வைத்து நாற்காலியை உயர்த்தினோம். அப்புறம் ஒரு மெத்தை. நான் இரண்டு கையிலும் 5 லிட்டர் தண்ணீர் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஐந்தடியில் நடப்பேன். ஒரு நாள் அம்மா வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "அப்படித் தூக்குனா முதுகு போயிரும். தோள எறக்கு. இடுப்ப இறுக்கிக்கிட்டு நட" என்றார். நாற்பது வருடம் காண்டா தூக்கியவர் சொல்கிறார், நான் கேட்டுக்கொண்டேன். மறுநாள் அவரும் இரண்டு சின்னப் போத்தலை எடுத்துக்கொண்டார். வாரத்துக்கு மூன்று நாள். மற்ற நாள் ஓய்வு என்று அவரே விதி போட்டுவிட்டார். நான் சோற்றைப் பாதியாக்கினேன், முட்டையும் மீனும் கூட்டினேன். இப்போது 86 கிலோவில் நிற்கிறேன். அம்மாவின் எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. அவருக்கு வயது 76. இப்போது யாரும் தூக்கிவிடாமல் எழுகிறார்.

அடுத்த ஒன்றுகூடல் டிசம்பரில். பிரியாணி உண்டு. பேச்சாளரும் அவரேதானாம். பத்து நிமிடம் எனக்கும் வேண்டும் என்று ஏற்பாட்டுக் குழுவிடம் கேட்டிருக்கிறேன். கை வைக்காத நாற்காலியாகப் போடச் சொல்லியும் இருக்கிறேன்.