லோடு வண்டிக்கு எதற்கு ஸ்பேசர்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஏற்கெனவே ஸ்பேசர் மாட்டியவர்கள் கடைசிப் பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு பிக்கப் வண்டியின் படம் வந்தது. ஸ்பிரிங் பட்டையை இறக்கித் தரையோடு உட்கார வைத்திருக்கிறார்கள். கார் அலாய் வீல், அகலமான டயர். உள்ளே ஸ்பேசர் வைத்ததில் சக்கரம் பாடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. "மாஸ்", "கெத்து" என்று ஏகப்பட்ட பாராட்டு. "இந்த வண்டியில் இனி லோடு ஏற்றாதே தம்பி" என்று ஒரு வரி போட்டேன். "சாருக்கு வயசாயிடுச்சு" என்று பதில் வந்தது. வயதானது உண்மைதான். ஆனால் நான் நடத்திய இயற்பியலுக்கு வயதாகவில்லையே!

பத்தாம் வகுப்பில் விசையின் திருப்புத்திறன் படித்தோம். விசையைத் தூரத்தால் பெருக்க வேண்டும். கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் அசையாது, ஓரத்தில் தள்ளினால் ஒரு விரல் போதும். சக்கரத்திலும் இதே கணக்குதான். தரையிலிருந்து வரும் பாரம் ஹப் பேரிங்குக்கு எவ்வளவு அருகில் விழ வேண்டும் என்று பார்த்துத்தான் கம்பெனியில் ரிம்மின் குழிவை வைக்கிறார்கள். நீ 25 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டு அதை வெளியே தள்ளுகிறாய். பின்சக்கரம் ஒன்றின் மேல் 500 கிலோ இறங்கினால் ஏறத்தாழ 5000 நியூட்டன். அதை 0.025 மீட்டரால் பெருக்கு. 125 நியூட்டன் மீட்டர். ஒரு வீல் நட்டை நன்றாக முறுக்குவதற்குப் போடுகிற பலம் கிட்டத்தட்ட இவ்வளவுதான். அவ்வளவும் வண்டி சும்மா நிற்கும்போதே பேரிங்கின் மேல் கூடுதலாக ஏறுகிறது. பள்ளத்தில் இறங்கும்போது இன்னும் பல மடங்கு.

அதைவிட எனக்குப் பயம் ஸ்டட்டுகளைப் பற்றித்தான். சும்மா நடுவில் சொருகுகிற ஸ்பேசர் எத்தனை மில்லிமீட்டரோ, அத்தனை மில்லிமீட்டர் மரை நட்டுக்குக் கிடைக்காமல் போகிறது. ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது நட்டு மரையில் ஏறியிருக்க வேண்டும் என்பது பட்டறையில் நிற்கும் சின்னப் பையனுக்கும் தெரியும். ஸ்பேசரின் நடுத்துவாரம் ஹப்பில் கச்சிதமாக உட்காராவிட்டால் சக்கரம் மையம் தப்பி ஆடும், ஆட ஆட நட்டு இளகும். அதன்பின் ஸ்டட் ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து நிமிரும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிப்போமே, அதே மாதிரி ஒருநாள் ஒடியும்.

டயரையும் பார்த்துவிடுவோம். அதன் பக்கவாட்டில் ஒரு பார எண் இருக்கும். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், 91 என்றால் 615 கிலோ. கார் டயரைப் போட்டுக்கொண்டு லோடு வண்டிக் கணக்கில் பெட்டி அடுக்கினால் அந்த எண்ணுக்கு என்ன மரியாதை? வண்டியை வேறு இறக்கியாயிற்று. லோடு ஏறினால் ஸ்பிரிங் அமுங்க இடமில்லை. வெளியே தள்ளிய டயர் பாடியின் விளிம்பில் உரசும். உரசினால் சூடு, அப்புறம் புகை.

நம் ஊரில் அந்தச் சூட்டுக்கு மேலே என்ன இருக்கும்? தீப்பெட்டி பண்டல், பட்டாசுப் பெட்டி, அச்சாபீசுக் காகிதக் கட்டு. வேறு ஊரில் டயர் புகைந்தால் வண்டியோடு போகும். 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று முதலிப்பட்டியில் நடந்ததை நம் ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேடிக்கை பார்க்கவும் உதவி செய்யவும் ஓடியவர்களும் அதில் போனார்கள். சாத்தூர் ரோட்டில் ஒரு லோடு வண்டி பற்றினாலும் கூட்டம் அப்படித்தான் ஓடி வரும்.

"என் வண்டி, என் காசு" என்கிறாய். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. சரக்கு வண்டியின் பதிவு விவரத்தில் டயர் அளவும் அச்சு எடையும் சேர்ந்தே இருக்கும். 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஃப்.சி. அன்று மட்டும் பழைய ரிம்மை மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாள் அலாயை மாட்டுகிற சாமர்த்தியமும் எனக்குத் தெரியும். அப்படிக் கழற்றி ஒளிப்பதிலேயே அது தப்பு என்று உனக்குத் தெரிந்திருக்கிறதே!

"ஃபாரின்ல எல்லாரும் போடுறாங்க சார்." போடுகிறார்கள், நானும் மறுக்கவில்லை. கார் மோகத்துக்குப் பேர்போன ஜெர்மனியில் ஸ்பேசருக்குச் சோதனைச் சான்று வேண்டும், பொருத்திய வண்டியை அதிகாரம் பெற்ற பரிசோதகர் பார்த்து ஒப்ப வேண்டும். நீ பார்த்த வீடியோவில் அதைக் காட்டியிருக்க மாட்டார்கள். கண்காட்சிக்கு மட்டும் ஓடும் சொந்தக் காரில், அனுமதியோடு, தரமான சாமான் போட்டுக்கொள்கிறவனோடு எனக்கு வழக்கு இல்லை. தீபாவளிச் சீசனில் லாரி செட்டுக்கும் கம்பெனிக்கும் நடை அடிக்கிற வண்டியைப் பற்றித்தான் பேசுகிறேன். விடிகாலையில் வேலைக்குப் போகிற பெண்களையும் சில நேரம் அதே வண்டியில் ஏற்றுகிறார்கள். அது தனித் தப்பு, அதற்குத் தனிப் பதிவு போடுகிறேன்.

உறவுகளுக்கும் ஒன்று. படத்துக்கு லைக் போட்ட மாமன், சித்தப்பன்மார்களே, அந்த வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டதும் உங்களில் ஒருவர்தான். இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் செய்த மாற்றம் விபத்தன்று எந்த வடிவில் வந்து நிற்கும் என்று யோசித்தீர்களா?

இனி, ஏற்கெனவே மாட்டியவர்களுக்கு. சீசன் லோடு தொடங்குமுன் ஸ்பேசரைக் கழற்று. பழைய இரும்பு ரிம்மையும் சரக்கு வண்டி டயரையும் மாட்டு. அலாயின் நட்டை இரும்பு ரிம்முக்குப் போடாதே, இரண்டுக்கும் உட்காரும் வாய் வேறாக இருக்கும். மரை தேய்ந்த ஸ்டட்டை மாற்று. பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று ஜாக்கி போட்டு அசைத்துப் பார். இறக்கிய பட்டையைப் பழையபடி கட்டு. மாட்டிய பின் 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எல்லா நட்டையும் மறுபடி முறுக்கு. டார்க் ஸ்பானர் இல்லையென்றால் என் வீட்டில் ஒன்று இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போ. திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.