செத்த தாயின் சாதியை எழுது

பிரசவத்தில் செத்துப்போகிற பெண்களைப் பற்றிப் பேச்செடுத்தால் படித்த நண்பர்கள் உடனே ஒரு வார்த்தையை எடுத்துப் போடுகிறார்கள்: அறியாமை. 'இந்த சனங்களுக்கு விழிப்புணர்வு இல்லீங்க, ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாங்க, கடைசி நேரத்துல ஓடியாருவாங்க.' மேடையில் பேசுகிறவருக்கும் இதே பாட்டுதான், என்னோடு கும்மிடிப்பூண்டி ரயிலில் வருகிற அரசு ஊழியருக்கும் இதே பாட்டுதான். செத்தவள் தலையிலேயே பழியையும் ஏற்றிவிட்டால் மற்ற எல்லோரும் நிம்மதியாகச் சோறு தின்னலாம்.

இந்தப் பொய்யை முதலில் உடைப்போம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. சேரிப் பெண்ணும் இருளர் பெண்ணும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறார்கள். அப்புறம் வரமாட்டேன் என்று சொன்னவள் யார்?

நடந்த நல்லதை நடக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை. ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2001-03ல் 134 தாய்மார் செத்தார்கள். 2018-20ல் அது 54 ஆனது. அப்போது இந்தியாவின் எண் 97. அதன் பிறகும் தமிழ்நாட்டில் இறங்கியிருக்கிறது. இதைச் செய்தது எந்தத் தர்மப் பிரபுவும் இல்லை. ஊர் ஊராக நடந்த கிராம சுகாதார செவிலியர், ராத்திரியிலும் திறந்திருந்த ஆரம்ப சுகாதார நிலையம், 1994ல் மருந்து வாங்கத் தனியாக உண்டாக்கிய அரசுக் கழகம், 2008ல் வந்த 108 வண்டி, ரத்தமும் அறுவை சிகிச்சையும் உள்ள அரசு மருத்துவமனைகள், ஒவ்வொரு சாவையும் ஏன் என்று கேட்ட விசாரணை. எல்லாம் சனங்களின் வரிப்பணம். மனசு வைத்தால் இந்தச் சாவை நிறுத்தலாம் என்று அரசாங்கமே நிரூபித்துவிட்டது. இனி மிச்சமிருக்கிற சாவை விதி என்று சொல்ல எவனுக்கும் உரிமை கிடையாது.

54 என்பது பார்க்கச் சின்ன எண். வங்கிக் குமாஸ்தா புத்தி, பெருக்கிப் பார்த்தேன். வருசத்துக்கு ஒன்பது லட்சம் பிரசவம் என்று வைத்தால் ஏறக்குறைய ஐந்நூறு பெண்கள். யார் இந்த ஐந்நூறு பேர்? தாய் இறப்பு பற்றி இந்தியப் பதிவாளர் வெளியிடும் கணக்கில் மாநிலம் இருக்கிறது, வயது இருக்கிறது. சாதி இல்லை. பள்ளிக்கூடத்துச் சேர்க்கையிலிருந்து சுடுகாட்டுப் பாதை வரை சாதி பார்க்கிற நாட்டில், பிள்ளை பெற்றுச் செத்தவளுக்கு மட்டும் திடீரென்று சாதி இல்லாமல் போய்விடுகிறதாம்! நம்பச் சொல்கிறார்கள்.

கணக்கில் இல்லாதவளைத் தேடி எங்கேயும் போக வேண்டாம், எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் காளவாய்களுக்கு வாருங்கள். தை பிறந்ததும் முன்பணம் வாங்கிய குடும்பங்கள் கல்லறுக்க வந்து இறங்கும். இருளர்கள், நம் சேரிச் சனங்கள், ஒடிசாவிலிருந்து வருகிறவர்கள். 2011ல் இந்த மாவட்டத்தின் ஒரே சூளையிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஒடிசாக் கொத்தடிமைகளை மீட்டார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

1994ல் தேடியஸ், மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தாய் இறப்புக்கு மூன்று தாமதங்களைக் காரணமாகச் சொன்னார்கள். போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். முதல் தாமதத்தைத்தான் நம் பெரியவர்கள் அறியாமை என்கிறார்கள். முன்பணத்தில் கட்டுண்ட குடும்பத்தில் முடிவெடுக்கிறவன் யார்? புருசனா, மாமியாளா? மேஸ்திரி. அவன் விட்டால்தான் அவள் சூளையைத் தாண்ட முடியும். அடிமைத்தனத்துக்கு அறியாமை என்று பேர் வைக்கிறவனைவிடக் கெட்டிக்காரன் உண்டா?

பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்காவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவளுக்குக் கொஞ்சம் போனாலும் ஆபத்து. 2019-21 ஆய்வில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தசோகை. திருவள்ளூரில் 2022ல் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள், நல்லது. கும்மிடிப்பூண்டி பக்கத்துச் சூளையிலிருந்து அங்கே போவதும் தூரம், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரிக்குப் போவதும் தூரம்.

காளவாயை விட்டு சிப்காட்டுக்கு வந்தால் மட்டும்? நான் கவுண்டரில் உட்கார்ந்து பார்ப்பதைச் சொல்கிறேன். ஒரே பெண்ணின் சம்பளக் கணக்கில் சில மாதத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்டர் பேர் மாறுகிறது. வேலை மாறவில்லை, மெஷின் மாறவில்லை. பேறுகாலச் சம்பளம் வேண்டுமென்றால் அந்த முதலாளியிடம் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும் என்று 1961 சட்டம் சொன்னது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. 26 வாரம் விடுப்பு என்று 2017ல் கைதட்டினோமே, முதலாளி யாரென்றே தெரியாதவள் யாரிடம் போய் 26 வாரம் கேட்பாள்? வயிறு தெரிந்ததும் நின்றுவிடுகிறாள். ரத்தம் ஊற வேண்டிய மாதங்களில் கூலி நிற்கிறது, சோறு குறைகிறது.

முத்துலட்சுமி ரெட்டி பேரில் 1987லிருந்து மகப்பேறு உதவித் திட்டம் இருக்கிறது. 2018ல் 18,000 ரூபாய் ஆக்கினார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, இன்னும் கூட்டச் சொல்கிறேன். ஆனால் ஆதார், வங்கிக் கணக்கு, கர்ப்பப் பதிவு எண் மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம் வந்து விழும். ஆதாரில் ஒரு எழுத்து மாறியதற்காக வயிற்றுப் பிள்ளையோடு மூன்று தடவை நடக்கிறவர்களைப் பார்க்கிறேன். அதைவிடக் கொடுமை, முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் பணம். அடுத்தடுத்துப் பெற்று உடம்பு தேய்ந்தவளுக்குத்தான் ஆபத்து கூடும் என்று மருத்துவம் சொல்கிறது. ஆபத்து கூடுகிற இடத்தில் பணத்தை நிறுத்துவதற்குப் பேர் நலத்திட்டமா, தண்டனையா?

1928ல் பம்பாய் சட்டசபையில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டுக்கே நன்மை, ஆகவே அந்தச் சுமையை அரசு பெருமளவு ஏற்க வேண்டும். பெண்ணின் உழைப்பால் லாபம் பார்க்கிற முதலாளியும் தப்ப முடியாது என்றார். அடுத்த வருசம் அது சட்டமானது. கான்ட்ராக்டர் பேருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற கம்பெனிக்கு அன்றைக்கே சொன்ன பதில் அது.

உலகத்தில் 2023ல் மட்டும் சுமார் 2,60,000 பெண்கள் இப்படிச் செத்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்தப் பெரிய எண்ணுக்கு முன் மலைத்து நிற்க வேண்டாம். நம் மாவட்டத்தில் கேட்க வேண்டியவை இவை. செத்த ஒவ்வொரு தாயின் பேரை மறைத்து, சாதியையும் தொழிலையும் அவள் தங்கியிருந்த இடத்தையும் வெளியிடு. மூன்றாவது பிரசவத்துக்கும் உதவியைக் கொடு. கான்ட்ராக்டர் எத்தனை பேர் மாறினாலும் கம்பெனி வாசலுக்குள் உழைத்த நாளையெல்லாம் ஒன்றாகக் கூட்டு. சூளையில் கர்ப்பிணியைத் தடுத்து நிறுத்துகிறவன்மேல் கொத்தடிமைச் சட்டத்தில் வழக்குப் போடு.

மாணவத் தோழர்களே, கருத்தரங்கம் அப்புறம் வைக்கலாம். வருகிற தையில் காளவாய்க்குப் போங்கள். எத்தனை பேர் கர்ப்பம், எத்தனை பேருக்குப் பதிவு ஆகியிருக்கிறது என்று எழுதி எடுத்து, அந்தப் பகுதி சுகாதார நிலையத்தில் கொடுத்து, கையெழுத்துப் போட்ட நகலை வாங்கி வையுங்கள். நாளைக்கு ஒருத்தி செத்து, எங்களுக்குத் தெரியாதே என்று எவனாவது சொன்னால் அந்தக் காகிதத்தை அவன் முன்னால் போடலாம்.