கோப்பை தராவிட்டால் என்ன?

"பேச்சு சோறு போடுமா?"

கல்லூரிப் பேச்சுப் போட்டிக்குப் புறப்படுகிற பையனைப் பார்த்து வீட்டில் கேட்கிற கேள்வி இது. கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அமெரிக்காவில் நடந்த இந்தச் சங்கதியைப் படித்துவிட்டு, அப்புறம் கேளுங்கள்.

டெக்சாஸ் மாநிலத்தில் மார்ஷல் என்று ஓர் ஊர். அங்கே கறுப்பின மாணவர்களுக்காக ஏற்பட்டது வைலி கல்லூரி. (இன்று அது பல்கலைக்கழகம்.) அங்கு ஆங்கில ஆசிரியராக இருந்தவர் மெல்வின் டோல்சன். கவிஞர். 1924-ல் விவாதக் குழு ஒன்றை ஆரம்பித்தார்.

மாணவர்களைத் தம் வீட்டுக்கே வரவழைத்துப் பயிற்சி கொடுப்பார். எதிராளி என்ன சொல்வான், அதற்கு என்ன பதில், அதை அவன் மறுத்தால் மறுபதில் என்ன... இப்படித் துருவித் துருவிக் கேட்பார். மனப்பாடம் செய்தவன் அவரிடம் தப்ப முடியாது!

ஜெயித்தது யார்?

1935-ம் ஆண்டு. ஆயுதங்களை நாட்டுக்கு நாடு அனுப்புவதைத் தடுக்க வேண்டுமா என்பதுதான் அந்த வருடக் கல்லூரி விவாதங்களின் தலைப்பு. வைலி அணி ஊர் ஊராகச் சென்று பேசியது. கறுப்பர் என்றால் பல ஓட்டல்களில் சாப்பாடும் கிடையாது, தங்க அறையும் கிடையாது என்றிருந்த காலம் அது.

கடைசியில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்துடன் மோதல். அது அப்போதைய தேசிய சாம்பியன். ஆயிரத்துக்கு மேல் கூட்டம். ஜெயித்தது வைலி!

ஆனால் சாம்பியன் பட்டம்? கிடையாது.

தேசிய விவாத சங்கத்தில் கறுப்பர்களுக்கு அன்று இடமில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் கதவைத் திறந்தார்கள். போட்டிக்கு வா, பட்டம் கேட்காதே என்றால் அது என்ன நியாயம்?

2007-ல் இந்தக் கதையை ஹாலிவுட்டில் படமாக எடுத்தார்கள். நல்ல படம்தான். ஆனால் தோற்ற பல்கலைக்கழகத்தின் பெயரை ஹார்வர்டு என்று மாற்றிவிட்டார்கள். பெரிய பெயர் இருந்தால்தான் வெற்றி பெரிசாகத் தெரியுமாம்! நடந்த உண்மை போதாதா?

பஸ்சில் ஓர் இடம்

அந்த விவாதக் குழுவில் பழகிய ஒரு பையன் ஜேம்ஸ் பார்மர். கல்லூரியில் சேர்ந்தபோது வயது 14.

1942-ல் அவரும் நண்பர்களும் சிகாகோவில் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். வழிகாட்டி யார் தெரியுமா? நம்ம காந்திதான். அகிம்சைப் போராட்டம்.

1961 மே மாதம் வாஷிங்டனிலிருந்து கறுப்பரும் வெள்ளையருமாக 13 பேர் பஸ் ஏறினார்கள். சட்டம் கொடுத்த உரிமையைத் தெற்கு மாநிலங்களில் கேட்டார்கள். அவ்வளவுதான். அலபாமாவில் ஒரு பஸ்சுக்குத் தீ வைத்தது ஒரு கும்பல். பயணம் நிற்கவில்லை. பார்மர் மிசிசிப்பியில் சிறைக்குப் போனார். அந்த வருட நவம்பரில், மாநிலம் விட்டு மாநிலம் போகும் பஸ்சிலும் பஸ் நிலையத்திலும் நிறம் பார்த்து ஆளைப் பிரிக்கக் கூடாது என்ற உத்தரவு அமலுக்கு வந்தது.

பேச்சு மட்டும் இதை வாங்கித் தரவில்லை. அடியும் சிறையும் சேர்ந்துதான் வாங்கித் தந்தன. ஆனாலும், எதிரில் நிற்பவன் கோபத்தில் கத்தும்போது நிதானம் தவறாமல் பதில் சொல்லும் பழக்கம் ஒரே நாளில் வருமா? அது டோல்சன் வீட்டில் பழகிய பழக்கம்.

கோப்பை அலமாரியில் இருக்கும். தூசி படியும். பழக்கம் ஆளோடு கூடவே வரும்.

ஆகவே, பையன் போட்டிக்குப் போகிறேன் என்றால் போகட்டும். திரும்பி வந்ததும் "பரிசு கிடைத்ததா?" என்று கேட்காதீர்கள். "எதிராளி என்ன சொன்னான், நீ என்ன பதில் சொன்னாய்?" என்று கேளுங்கள்.