மலைநாட்டின் சிறு காட்சிசாலைகள்



கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் தலைநகரில் வாழும் நம் இல்லங்களில் எழும் பேச்சு ஒன்றே. ஊருக்குப் போவதா, மலைக்குப் போவதா? மலைக்குப் போவோர் பெரும்பாலும் சிம்லாவையே நாடுகின்றனர். மால் சாலையில் உலாவி, ஜாக்கூ குன்றில் குரங்குகளுக்கு அஞ்சி, கம்பளிச் சால்வை ஒன்றைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு திரும்புகின்றனர். இதில் குறை கூற ஒன்றும் இல்லை. ஆயினும், இருபது ஆண்டுகள் வடநாட்டில் வாழ்ந்து, இமயத்திலிருந்து இறங்கிவரும் நீரைப் பருகி வளர்ந்த நம் குழந்தைகள், அம்மலைகளில் வாழும் மக்கள் யாவர், அவர்தம் முன்னோர் எப்படி வாழ்ந்தனர் என்று ஒரு சொல்லும் அறியாதிருப்பது முறையாகுமா? அதனை அறிய எளிய வழி ஒன்று உண்டு. மலையூர்களில் உள்ள சிறு பொருட்காட்சிசாலைகளுக்குச் சென்று வருவதே அது.

நமக்கு இரயில்வேயில் எழுத்தர் வேலை. பார்சல் பிரிவில் சில ஆண்டுகள் இருந்தோம். அங்கே கற்ற பாடம் ஒன்று இங்கே பயன்படும். மூட்டைக்குள் பட்டுப்புடவையே இருக்கட்டும். அதன்மேல் கட்டிய சீட்டு அறுந்துவிட்டால், அது எவருக்கும் உரியதன்று. கேட்பாரின்றிக் கிடந்து, உரிய காலம் கடந்தபின் ஏலத்துக்குப் போகும். பழம்பொருள்களின் கதியும் அதுவே. யாருடையது, எவ்வூரது, எதற்குப் பயன்பட்டது என்ற மூன்றும் தெரியாவிடின், கல்வெட்டும் வெறுங்கல்லே; செப்பேடும் பழைய தகடே. சிறு காட்சிசாலைகள் செய்யும் பெருந்தொண்டு, அந்தச் சீட்டு அறுந்துவிடாமல் காப்பதுதான். அதுவும் பொருள் பிறந்த மண்ணுக்கு அருகிலேயே காப்பது. இமாசலப் பிரதேசத்தில் மூன்று இடங்களை இம்மாதம் நேயர்களுக்கு அறிமுகம் செய்கிறோம்.

முதலாவது சிம்லாவிலேயே உள்ளது. பழைய பேருந்து நிலையத்துக்கு அருகே, 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாபா பல்கு இரயில் காட்சிசாலை அது. கால்கா-சிம்லா பாதை 1903ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நீளம் 96 கிலோமீட்டர். இன்று அதில் 102 சுரங்கங்கள் உள்ளன. நீலகிரி மலைப்பாதையைப் போலவே இதுவும் உலகப் பாரம்பரியச் சின்னம். நீலகிரிக்கு 2005இலும், இதற்கு 2008இலும் அப்பெருமை கிடைத்தது. இப்பாதையின் மிக நீண்ட சுரங்கம் பரோக் என்னும் இடத்தில் உள்ளது. நீளம் 1,143 மீட்டருக்குச் சற்று மேல். பரோக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் மலையின் இருபுறமிருந்தும் குடையச் செய்தார். இரு பக்கமும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. அவருக்கு ஒரு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டதாகவும், அவமானம் தாளாது அவர் உயிரை மாய்த்துக்கொண்டதாகவும் சொல்கின்றனர். பின்னர் வேறோரிடத்தில் சுரங்கம் அமைக்கப்பட்டது. அதற்கு வழிகாட்டியவர், சாயிலுக்கு அருகே உள்ள ஜாஜா சிற்றூரைச் சேர்ந்த பல்கு என்னும் எளிய மனிதர் என்பது மலைநாட்டு வழக்கு. கைத்தடியால் பாறையைத் தட்டி, ஓசை கேட்டே வழி சொன்னாராம். கதையில் எவ்வளவு உண்மை என்பது வேறு. பள்ளி சென்று படிக்காத ஒரு மலைவாசியின் பெயரை இந்திய இரயில்வே தன் காட்சிசாலைக்குச் சூட்டியிருப்பது கண்கூடு. பழைய கருவிகளையும் நிழற்படங்களையும் பார்க்கும்போது, இந்தப் பெயரைக் குழந்தைகளுக்கு முதலில் சொல்லுங்கள்.

இரண்டாவது, தர்மசாலையில் 1990ஆம் ஆண்டு நிறுவப்பட்ட காங்ரா காட்சிசாலை. காங்ரா நாட்டை 1905ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். கோட்டையும் கோயில்களும் இடிந்து விழுந்தன. அத்தகைய நாட்டில் எஞ்சிய பொருள் ஒவ்வொன்றும் தப்பிப் பிழைத்த பொருள் என்றே கொள்ளவேண்டும். இங்குக் காணத்தக்கவை பகாடி ஓவியங்கள். சிறிய காகிதத்தில் கண்ணனும் கோபியரும், மழைமேகமும், பூத்த மரமும் நுண்ணிய தூரிகையால் தீட்டப்பட்டிருக்கும்.

இவ்வோவியங்களில் பெரும்பாலானவற்றில் வரைந்தவர் பெயர் இல்லை. அரச நாடுகளின் பெயராலேயே நெடுங்காலம் அவை அறியப்பட்டன. பி. என். கோஸ்வாமி என்ற அறிஞர், ஆட்சிப்பணியை விட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர், ஒரு புதுவழி கண்டார். ஹரித்துவாரம் போன்ற தலங்களில் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக யாத்திரிகரின் குலம், ஊர், தந்தை பெயர் ஆகியவற்றைப் பேரேடுகளில் பதிந்து வருவதை நாம் அறிவோம். அப்பேரேடுகளை அவர் புரட்டினார். ஓவியர் குடும்பங்கள் தம் கையாலும் வாயாலும் சொல்லிப் பதிந்த பெயர்கள் கிடைத்தன. பண்டித சேவு, அவர் மைந்தர் மானகு, நைனசுக் என்று ஒரு குடும்பமே வெளிப்பட்டது. 1968இல் அவர் அதனை வெளியிட்டார். இருநூறு ஆண்டுகளாகச் சீட்டு அறுந்து கிடந்த ஓவியங்களுக்கு மீண்டும் சீட்டுக் கட்டப்பட்டது. கணக்கெழுதும் நம்போன்றோர்க்கு இதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. யாரோ பொறுமையாக எழுதிவைத்த பேரேடு அல்லவா அவர்களைக் காப்பாற்றியது!

மூன்றாவது, சம்பா நகரத்துப் பூரி சிங் காட்சிசாலை. பட்டாண்கோட்டிலிருந்து மலைப்பாதையில் பேருந்தில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் செல்லவேண்டும். ராவி ஆற்றங்கரையில் அமைந்த பழைய தலைநகரம் அது. உதகமண்டலத்துக்கு இரயில் எட்டிய அதே 1908ஆம் ஆண்டில், அரசர் பூரி சிங் தம் குடும்ப ஓவியங்களை வழங்க, இக்காட்சிசாலை தோன்றியது. ஊரூராகச் சென்று கல்வெட்டுகளைப் படியெடுத்த ஃபோகல் என்ற ஒல்லாந்து அறிஞரின் உழைப்பும் இதில் உண்டு.

இங்கே பெண்கள் முதலில் காணவேண்டியது சம்பா உருமால். சதுரத் துணியில் பட்டு நூலால் செய்த பூவேலை. முன்புறமும் பின்புறமும் ஒன்றுபோலவே இருக்கும். முடிச்சு எங்கே என்று தேடினாலும் அகப்படாது. அரண்மனை ஓவியர் கோடு வரைந்து கொடுக்க, மகளிர் அதன்மேல் தைத்தனர். சீர்த்தட்டுகளையும் நைவேத்தியத்தையும் மூட அவை பயன்பட்டன.

அடுத்தவை நீரூற்றுக் கற்கள். சம்பா நாட்டில் பெற்றோரையோ துணைவரையோ இழந்தவர்கள், அவர் நினைவாக ஊருக்கு ஓர் ஊற்று அமைத்து, முகப்பில் சிற்பக்கல் நாட்டுவர். கல்லில் வருணனும் பிற தெய்வங்களும் இருப்பர். நடுவே நீர் பாயத் துளை இருக்கும். சாரதா எழுத்தில் வாசகமும் வெட்டியிருப்பர். வீரருக்கு நடுகல் நாட்டியும், வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப்பந்தல் வைத்தும் அறம் செய்த மரபில் வந்த நமக்கு இக்கற்கள் அந்நியமாகத் தோன்றா.

நம்மை அதிகம் நிற்கவைத்தது வேறொன்று. டாக்ரி என்னும் எழுத்தில் உள்ள பழைய ஆவணங்கள். சாரதா எழுத்தின் வழிவந்த டாக்ரி, மலைநாடுகளில் அரசாணைக்கும் வணிகர் கணக்குக்கும் வழங்கிய எழுத்து. பின்னர் உருதுவும் நாகரியும் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் வந்தன. யாரும் டாக்ரியைத் தடுக்கவில்லை. கற்பிப்பதை விட்டுவிட்டனர், அவ்வளவே. அக்கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றிருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், தம் பாட்டனார் இவ்வெழுத்தில்தான் கடைக்கணக்கு எழுதினார் என்றும், தமக்கு ஓரெழுத்தும் தெரியாது என்றும் இந்தியில் நம்மிடம் சொன்னார். பேசும் மொழி அவருக்கு மாறவில்லை. பாட்டனாரின் கையெழுத்து மட்டும் பூட்டிய பெட்டியாகிவிட்டது. இப்பொழுது இமாசலத்தில் டாக்ரியைக் கற்பிக்க ஆர்வலர் முயல்கின்றனர். 2012இல் அது கணினிக்கான ஒருங்குறியிலும் இடம்பெற்றது. இழந்ததை மீட்பது இழக்காமல் காப்பதைவிடப் பன்மடங்கு கடினம் என்பதை அவர்களைக் கேட்டால் சொல்வர்.

இதைக் கேட்டபோது நம் குடியிருப்புகளின் நினைவு எழுந்தது. நம் பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர். எத்தனை பேர் படிக்கின்றனர்? பாட்டி கைபேசியில் தமிழில் எழுதி அனுப்பினால், "குரலில் சொல்லி அனுப்புங்கள் பாட்டி" என்று கேட்கும் பேரன் இல்லாத வீடு நம்மிடையே அரிதாகி வருகிறது. ஒரு தலைமுறை போதும். கடிதக்கட்டு கண்ணாடிப் பெட்டிக்குரிய பொருளாகிவிடும்.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். அரசுக் காட்சிசாலைகளுக்குத் திங்கட்கிழமை பெரும்பாலும் விடுமுறை; முன்னரே கேட்டறிந்து செல்லுங்கள். பட்டாண்கோட்டிலிருந்து காங்ரா பள்ளத்தாக்குக்குச் செல்லும் சிறுபாதையில் சக்கி ஆற்றுப் பாலம் 2022ஆம் ஆண்டு வெள்ளத்தில் இடிந்தது. ஆகவே இரயில் நிலவரத்தை விசாரித்தே பயணத்தை வகுக்கவேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயலவேண்டா. குழந்தை ஒவ்வொன்றும் ஒரு பொருளை மட்டும் தேர்ந்து, யாருடையது, எவ்வூரது, எதற்கு என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளட்டும். அங்குள்ள ஊழியரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். கேட்பவர் வந்தால் அவர்களுக்கும் மகிழ்ச்சியே.

திரும்பி வந்தபின் செய்யத்தக்க பணி ஒன்றும் உண்டு. நம் வீட்டுப் பரணில் பித்தளைத் தவலையோ எவர்சில்வர் குடமோ இருக்கும். அதன் கழுத்தில் பாட்டியின் பெயரும், கலியாணத் தேதியும், ஊரும் பொறித்திருக்கும். நம் பெண்மணிகள் எந்தக் காட்சிசாலையும் சொல்லாமலே சீட்டுக் கட்டத் தெரிந்தவர்கள். குடியிருப்பு மாறும்பொழுது அதனைப் பழைய விலைக்குப் போடுமுன், குழந்தையை அருகில் அமர்த்தி, அப்பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கச் செய்யுங்கள். படிக்க இயலாவிடின், ஞாயிறுதோறும் சங்கத்தில் நடைபெறும் தமிழ் வகுப்புக்கு அப்பிள்ளையை அனுப்பிவையுங்கள். முதல் பாடமாக அந்தக் குடத்தையே கொண்டுவரட்டும்.