வாசலில் நிற்பவருக்கும் ஒரு படம்

திரைப்பட விழாவில் தன்னார்வலர் என்றால் ஓசியில் படம் பார்ப்பவர் என்று ஒரு நினைப்பு. அட, போங்க! பாஸைப் பார்த்து ஆளை உள்ளே விட்டதும் கதவு மூடிவிடும். வெளியே நிற்பவருக்குச் சத்தம் மட்டும்தான்.

2003-ல் தொடங்கிய சென்னை சர்வதேசத் திரைப்பட விழா பெரும்பாலும் டிசம்பரில் வரும். கடைசிக் காட்சிவரை நிற்கும் செங்கல்பட்டு மாணவி மின்சார ரயிலைப் பிடிக்க ஓட வேண்டும். மாமல்லபுரத்துப் பையனுக்கு ரயிலே கிடையாது, பஸ்தான். சான்றிதழைக் காட்டினால் கண்டக்டர் சும்மா விடுவாரா? :-)

2022-ல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாடே நடந்தது. மாமல்லபுரத்தில் திறந்தவெளி நாட்டிய விழாவும் உண்டு. அங்கேயே ஒரு வெள்ளைத் திரை கட்டி நாலு படம் போட்டால் என்ன? அதுவரை, எந்த விழாவானாலும் தன்னார்வலருக்கு வழிச்செலவும், தினம் ஒரு படத்தை உட்கார்ந்து பார்க்க நேரமும் கொடுக்கட்டும்.