கழுத்தில் கட்டியா? கேட்டுவிட்டு அழுங்கள்!

பேறுகாலத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த தங்கைக்கு ஆயுதம் போட்டுத்தான் குழந்தையை எடுத்தார்கள். இருபதாம் நாள், அம்மா காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் குளிப்பாட்டும்போது, கழுத்தின் வலது பக்கம் நெல்லிக்காய் போல ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. தலையும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது.

"உரம் விழுந்திருக்குளா, சேலையில போட்டு உருட்டி எடுத்தாச் சரியாப் போகும்" என்றார் பக்கத்து வீட்டு ஆச்சி. நான் தடுத்து, ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போனேன். அங்கே கொடுத்த தாளில் 'ஸ்டெர்னோமாஸ்டாய்டு ட்யூமர்' என்று இருந்தது. என்ன ஏது என்று யாரும் சொல்லவில்லை. பத்தாவது வரை படித்த எனக்கு 'ட்யூமர்' மட்டும்தான் புரிந்தது. அன்று ராத்திரி வீட்டில் உலை வைக்கவில்லை. மச்சான் நகையை அடகு வைக்கவே கிளம்பிவிட்டார்.

மறுநாள் குழந்தை டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "பெயர்தான் ட்யூமர், இது புற்றுநோய் இல்லை" என்றார். காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை இறங்கும் தசை, வயிற்றுக்குள் இருக்கும்போதோ பிரசவத்திலோ நசுங்கி, தழும்பு போலத் தடித்துவிடுமாம். பிறந்த சில வாரங்களில்தான் கைக்குத் தெரியுமாம். பெரும்பாலும் ஆபரேஷன் தேவையில்லை. முறையான பயிற்சி போதும், ஒரு வருஷத்துக்குள் கரைந்துவிடும் என்றார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டையும் பார்ப்பது நல்லது என்று அதையும் பார்த்தார்.

கழுத்தை எப்படி மெதுவாகத் திருப்ப வேண்டும் என்று பிசியோதெரபி பெண் கற்றுக் கொடுத்தார். கட்டி இருக்கிற பக்கமே முகத்தைத் திருப்பிப் பார்க்கும்படி கிலுகிலுப்பை ஆட்டினோம். எட்டாம் மாதம் கட்டி இருந்த இடமே தெரியவில்லை.

எனக்கு இரண்டு ஆதங்கம். ஸ்கேன் சென்டர்காரர்களே, தாளைக் கையில் திணிக்கும்போது, 'பயப்படாதீங்க, டாக்டரிடம் காட்டுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? சகோதரிகளே, அரைகுறையாகப் படித்து அழுவதற்கு முன் டாக்டரிடம் அர்த்தம் கேளுங்கள். உரம் எடுக்கிறேன் என்று பச்சைப் பிள்ளையை உருட்டவும், கட்டியை அமுக்கித் தேய்க்கவும் விடாதீர்கள். கழுத்து நரம்பு விளையாட்டுச் சாமானா?

அதற்காக எல்லாக் கட்டியும் இதுதான் என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. கட்டி வேகமாக வளர்ந்தால், சிவந்து காய்ச்சல் வந்தால், மூச்சு விடவோ பால் குடிக்கவோ திணறினால் உடனே ஓடுங்கள். செலவுக்கு யோசிக்கிற நெல்லைச் சீமைக்காரர்களுக்குப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி இருக்கவே இருக்கிறது.

அன்று ஆச்சி சொன்னதைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

– ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி.