காதை முறுக்காமல் கவ்வப் பழக்கலாம்

திருகோணமலையில் நாய் வளர்ப்பவர்களிடம் "உங்கட நாய்க்கு என்ன தெரியும்?" எண்டு கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று "கை குடுக்கும்." மற்றது "ஆள் வந்தால் குரைக்கும்." அதுக்கு மேல் ஏதாவது பழக்கலாமே என்றால், "அதெல்லாம் லப்ரடோர் மாதிரி நாய்களுக்கு. எங்கட ஊர் நாய்க்கு ரெண்டு போட்டால்தான் விளங்கும்" என்று கதையை முடித்துவிடுவார்கள். இந்தக் கடைசி வசனத்தோடுதான் எங்களுக்குப் பிரச்சினை. அதை மறுக்க நாங்கள் எடுத்துக்கொள்ளும் உதாரணம் மிகச் சின்னது: ஒரு நாய் டம்மியை வாயில் ஒழுங்காகப் பிடித்து வைத்திருப்பது.

டம்மி என்றால் வேறொன்றுமில்லை, கெட்டித் துணிக்குள் ஏதாவது அடைத்துச் செய்த உருளை. வேட்டையில் சுட்ட பறவையைத் தூக்கி வரப் பழக்குவதற்காக, பறவைக்குப் பதிலாகப் பாவிப்பது. கடையில் விற்பது கிட்டத்தட்ட அரைக் கிலோ இருக்கும். எங்களுக்குக் கடை தேவையில்லை. பழைய ஜீன்ஸ் கால் ஒன்றை வெட்டி, உள்ளே தும்பை அடைத்து, இரண்டு பக்கமும் வலை நூலால் இறுக்கிக் கட்டினால் காணும். தண்ணீரில் மிதக்க வேண்டுமென்றால் நடுவில் வலையின் மிதப்பு ஒன்றை வைக்கலாம். திருக்கடலூர்ப் பக்கம் கடற்கரையில் நடந்தால் அறுந்துபோன மிதப்பு ஒன்றாவது கிடைக்கும்.

எறிந்தால் ஓடிப்போய் எடுப்பதை அநேகமான நாய்கள் தாங்களாகவே செய்யும். கஷ்டம் அதுக்குப் பிறகு வருவது. எடுத்ததை மெல்லாமல், ஒரு நுனியில் சுருட்டு மாதிரித் தொங்கவிடாமல், பாதி வழியில் போட்டுவிட்டு மூத்திரம் பெய்யப் போகாமல், நடுவில் பிடித்து, வாயை அசைக்காமல், நாங்கள் கையை நீட்டி "தா" எண்டு சொல்லும்வரை வைத்திருக்க வேண்டும். பாய்வதையும் பிடிப்பதையும் நாய்க்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பிடித்ததைச் சும்மா வைத்திருப்பதைத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இதற்கு ஒரு பழைய குறுக்குவழி உண்டு. வட அமெரிக்க வேட்டை நாய்ப் பழக்குநர்களிடம் இன்றைக்கும் இருக்கிறது. நாயின் காது மடலைக் கழுத்துப்பட்டியோடு சேர்த்துப் பிடித்துக் கிள்ளுவது. வலியில் நாய் வாயைத் திறக்கும். திறந்த வாய்க்குள் டம்மியை வைத்தவுடன் கிள்ளலை விடுவது. டம்மி வாய்க்குள் இருந்தால் காது நோகாது என்று நாய் கற்றுக்கொள்ளும். 1910இல் ஜெர்மன் பொலிஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட் எழுதிய கைநூல் கட்டாயப்படுத்தலை ஒரு முறையாகவே வகுத்தது. அவர் பரிசைப் பற்றியும் சொன்னவர்தான். ஆனால் அவருக்குப் பிறகு வந்த பலருக்கு ஞாபகம் நின்றது சங்கிலியும் சாட்டையும்.

காது முறுக்கு எங்களுக்கு ஒன்றும் புதுசில்லை. வாய்ப்பாடு பிழைத்தால் காது, கொப்பி கொண்டுவராவிட்டால் காது. இலங்கைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று சொல்லிவிட்டது. அதுக்குப் பிறகு பள்ளிக்கூடம் போன எங்களில் பலருக்கும் காது சிவந்த அனுபவம் உண்டு. "அப்பிடி அடிச்சபடியாத்தானே நீங்கள் கம்பஸ் வந்தனீங்கள்" என்று சொல்லும் பெரியவர்களிடம் நாங்கள் கேட்க நினைப்பது ஒன்றுதான்: அந்த வாய்ப்பாடு இப்ப எங்களுக்கு ஞாபகம் இருக்கோ, அந்தக் கை ஞாபகம் இருக்கோ?

காது கிள்ளலை ஆதரிப்பவர்களின் வாதத்தையும் சொல்லத்தான் வேண்டும். விளையாட்டாகப் பழகின நாய் விருப்பம் இருந்தால் கொண்டுவரும், இல்லாவிட்டால் வராது. கட்டாயத்தில் பழகினது எந்த நாளும் கொண்டுவரும் என்பார்கள். கைதேர்ந்தவரின் கையில் அது வேலை செய்யும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நொடி பிந்திக் கிள்ளினால் நாய் பயப்படப்போவது டம்மிக்கோ கைக்கோ தெரியாது. அதிலும் எங்கட தெரு நாய்க்கு முன்னால் ஒருக்கால் குனிந்து பாருங்கோ. செருப்பு வாரைச் சரிசெய்யத்தான் குனிந்திருப்பீர்கள், அது கல்லெடுக்கிறீர்கள் என்று நினைத்து ஓடும். நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்ற பழமொழி கற்சிற்பத்தைப் பற்றியது என்று தத்துவ விளக்கம் சொல்பவர்கள் இருக்கினம். றோட்டில் போகிற நாய்க்கு அந்த விளக்கம் தெரியாது. மனிதக் கை என்றாலே கல் என்று ஏற்கெனவே படித்துவிட்ட ஒரு சீவனுக்கு, அதே கையால் காதைக் கிள்ளி என்னத்தைப் படிப்பிக்கப் போகிறோம்?

மற்ற வழி மெதுவானது, ஆனால் இரகசியம் ஒன்றும் இல்லை. 1951இல் உளவியலாளர் ஸ்கின்னர் 'சயன்டிபிக் அமெரிக்கன்' சஞ்சிகையில் விலங்குகளுக்குப் படிப்பிப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். அதில் டிக் டிக் என்று சத்தம் போடும் ஒரு சின்ன விளையாட்டுச் சாமானை வைத்து, சரியாகச் செய்த அந்தக் கணத்தை நாய்க்குக் காட்டலாம் என்று விளக்கினார். சத்தம் வந்தால் சாப்பாடு வரும் என்று நாய்க்கு விளங்கின பிறகு, அந்தச் சத்தத்தால் நீங்கள் விரும்பிய அசைவைத் துண்டு துண்டாகச் செதுக்கலாம். சாமான் இல்லாவிட்டால் "சரி" என்ற ஒரு சொல் போதும், எப்போதும் ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும்.

டம்மியை முகத்துக்கு முன்னால் நீட்டுங்கள். மூக்கால் தொட்டால் "சரி", ஒரு சின்னத் துண்டு அவித்த கோழி ஈரல். பிறகு மூக்குப் பட்டால் மட்டும் காணாது, வாய் திறந்தால்தான் "சரி". பிறகு பல்லால் பிடித்தால்தான். இந்த இடத்தில்தான் எல்லாரும் அவசரப்படுவது. முதலில் நாய் அரை நொடிதான் பிடிக்கும், துப்பிவிடும். துப்புவதற்கு முன்னால் "சரி" வர வேண்டும். பிந்தினால் துப்பினதுக்குப் பரிசு கொடுத்ததாகிவிடும், நாயும் அதைத்தான் கற்கும். அரை நொடி ஒரு நொடியாகும், ஒரு நொடி மூன்றாகும். சில நாள் மூன்றிலிருந்து திரும்ப ஒன்றுக்கு இறங்க வேண்டி வரும், இறங்குங்கோ. மெல்லத் தொடங்கினால் நேரத்தைக் கூட்டிவிட்டோம் என்று அர்த்தம். வாய் அசையாமல் இருந்த அந்தக் குறுகிய கணத்துக்கே பரிசைக் கொடுங்கள்.

ஈரலை மற்றக் கையில் காட்டிக்கொண்டு நிற்க வேண்டாம், அதைக் கண்டவுடன் டம்மி கீழே விழும். டம்மி உங்கள் கைக்கு வந்த பிறகுதான் ஈரல் வெளியே வர வேண்டும். வாங்கும்போது இழுக்கவும் வேண்டாம், இழுத்தால் அது கயிறிழுப்புப் போட்டி. தூக்கிக்கொண்டு ஓடினால் துரத்தக் கூடாது, நீங்கள் மறுபக்கம் ஓடினால் அது பின்னால் வரும். எறிவதெல்லாம் பிறகு. இருந்த இடத்தில் வைத்திருக்கவும், வாயில் வைத்துக்கொண்டு நாலடி நடக்கவும் தெரிந்த பிறகே எறியலாம். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம், அதற்குமேல் வேண்டாம். நாலு மாதத்துக்கும் ஏழு மாதத்துக்கும் இடையில் குட்டிக்குப் பல் விழுந்து முளைக்கும் காலம். முரசு நோகும்போது இந்தப் பாடத்தையே நிறுத்தி வையுங்கள். இன்னொன்று: இது வாய்க்குக் கிட்டக் கை போகும் வேலை. ஊர் நாயோ வாங்கின நாயோ, விசர்நாய்த் தடுப்பூசி போட்ட பிறகே தொடங்க வேண்டும்.

லப்ரடோருக்குத்தான் இது வரும் என்பவர்களுக்கு ஒரு சின்னச் சரித்திரம். லப்ரடோரின் மூதாதை கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு வாழ்ந்த, வம்சப் பத்திரம் எதுவும் இல்லாத கலப்பு நாய். தூண்டிலில் இருந்து நழுவிய மீனையும், தண்ணீரில் மிதந்த கயிற்றையும் கவ்விக் கொடுத்த துறைமுக நாய். 19ஆம் நூற்றாண்டில் மீன் கப்பல்களோடு இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்தது. பிரபுக்கள் கண்டார்கள், பறவை வேட்டைக்குப் பிடித்துக்கொண்டார்கள். 1903இல் பிரித்தானிய கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. மீனவனிடம் இருந்தபோது அது வெறும் நாய். பிரபுவிடம் போன பிறகு இனம். அதே ஆங்கிலத்தில் எங்கட தெரு நாய்க்கு 'பறையா நாய்' என்று பேர். தமிழ்ச் சாதிப் பேர் ஒன்றை எடுத்து நாய்க்கு ஒட்டினார்கள். எங்களுக்கும் அதில் வெட்கம் வரவில்லை, தமிழில் அதை வசவாகவே வைத்திருக்கிறோம். ஊர் நாய்க்குப் படிப்பு ஏறாது என்ற பேச்சு நாயில் தொடங்கின பேச்சு இல்லை என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

வேட்டையே இல்லாத ஊரில் நாய்க்கு ஏன் இது என்று கேட்கலாம். வேட்டை எங்களுக்கும் வேண்டாம். ஆனால் 1975இல் கலிபோர்னியாவின் சாந்தா ரோசாவில் பொனி பேர்கின் ஒரு வேலையைத் தொடங்கினார்: சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு நாய்களைப் பழக்குவது. விழுந்த திறப்பை எடுத்துக் கொடுக்கும், போனைக் கொண்டுவந்து மடியில் வைக்கும். அடிப்படை இதேதான், மெல்லாமல் பிடித்துக் கையில் தருவது. யுத்தத்தில் காலை இழந்தவர்கள், முதுகெலும்பில் காயப்பட்டவர்கள் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள். ஊன்றுகோல் கைநழுவி விழுந்தால் யாராவது வரும்வரை காத்திருக்கிற ஆட்கள். அவர்களில் ஒருவர் வீட்டு வாசலில் அப்படிப் பழகின நாய் ஒன்றை நாங்கள் இதுவரை கண்டதில்லை. வாசலில் நாய் இருக்கிறது, சோறும் தின்கிறது. பழக்க ஆள்தான் இல்லை. ஊன்றுகோலைத் தூக்கித் தரும் அளவுக்குப் பழக்கப் பல மாதம் ஆகும், எல்லா நாயும் அதுவரை வராது. ஆனால் விழுந்த திறப்பையோ துவாயையோ எடுத்துத் தரும் அளவுக்குப் பொறுமையுள்ள ஒருவரால் வீட்டிலேயே கொண்டுவர முடியும்.

தொடங்க நினைப்பவர்களுக்கு இடத்தைப் பற்றி ஒரு சொல். முதல் கிழமைகள் வீட்டு விறாந்தை போதும், சத்தம் குறைந்த நேரம் நல்லது. எறிந்து பழக்கும் கட்டம் வந்தால் விடிய வெள்ளன, ஆட்கள் வர முன்னம், டச் பே மணலுக்குப் போகலாம். கோட்டைப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதேங்கோ. அங்கே மான் நிற்கும், மானைக் கண்ட நாய் டம்மியைத் திரும்பியும் பாராது.